நான்கு வருட ஃபைபர் நெட்: வேகம் அருமை, ஆறு மாத அட்வான்ஸ்தான் வலி

எதிர்வீட்டு அக்கா போன வாரம் கேட்டார்: "தம்பி, உங்க வீட்டு நெட்டு எப்படி ஓடுது? நாங்களும் போட்டுக்கலாமா?" அக்கா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். மகள் பாலிடெக்னிக், மகன் ப்ளஸ் டூ. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2021 ஜூலையில் வாங்கிய இணைப்பு. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு கேபிள் டிவி கொடுக்கும் அண்ணாச்சிதான் இதையும் கொடுக்கிறார். வேகம் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்). மாதம் 500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 590.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்ட் இருந்த காலத்தில் ஐப்பசி மழை என்றாலே பயம். இடி இடித்தால் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்க வேண்டும். அப்படியும் இரண்டு மோடம் கருகிப்போனது. ஃபைபர் கண்ணாடி இழை, உள்ளே ஓடுவது வெளிச்சம். லைன் வழியாக மின்னல் இறங்க வழியில்லை. நான்கு மழைக்காலம் போய்விட்டது, மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒன்றுக்காகவே எனக்கு இதை அவ்வளவு பிடிக்கும்.

விலை இவ்வளவு இறங்கியதற்கும் அந்தக் கண்ணாடிதான் காரணம். அண்ணாச்சி ஆபீஸிலிருந்து வரும் ஒரே இழையை வழியில் ஒரு சின்னப் பெட்டியில் 32 வீடாகவோ 64 வீடாகவோ பிரிக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு கரண்டே வேண்டாம். ஒரு இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை (2,500 எம்பிபிஎஸ்) அத்தனை வீடும் பகிர்ந்துகொள்கிறது. 2004இல் 256 கேபிபிஎஸ் (கால் எம்பிபிஎஸ்) இருந்தாலே பிராட்பேண்ட் என்று அரசாங்கம் வரையறுத்த நாடு இது. 2020 செப்டம்பரில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் கொடுக்கத் தொடங்கியது. கேரள அரசின் இணையச் சேவையான கே-ஃபோன் 2023இல் தொடங்கியபோது 299 ரூபாய்க்கே 20 எம்பிபிஎஸ் கொடுத்தது. அதனால் விலை கூட என்று நான் சொல்ல மாட்டேன்.

ரிப்பேரும் பரவாயில்லை. போன மாதம் வைக்கோல் லாரி ஒன்று ஒயரை இழுத்துவிட்டது, மோடத்தில் சிவப்பு லைட். லைன்மேன் தம்பி மறுநாளே வந்து ஒட்டவைத்தார். அப்புறமும் விட்டுவிட்டு வந்தது. மறுபடி கூப்பிட்டேன். இழையில் வரும் வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் மீட்டரில் மைனஸ் 29 காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால் மோடம் திணறும் என்று சொல்லி, ஒட்டை வெட்டித் திரும்பப் போட்டார். மைனஸ் 20க்கு வந்தது. காசு கேட்கவில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

நான் சொன்ன 590, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறவனுக்கு மட்டும். மொத்தமாக 3,540 கொடுத்தால் மோடமும் இலவசம், இழுத்துக் கொடுப்பதும் இலவசம். மாதாமாதம் கட்டினால் அதே 50 எம்பிபிஎஸ் 700, வரியோடு 826. முதல் நாளே இன்ஸ்டாலேஷன் 1,500 தனி. ஆறு மாதத்தில் மாத வாடகை மட்டுமே 4,956 ஆகிறது. என்னைவிட 1,416 கூட. அக்காவுக்குச் சனிக்கிழமை தோறும் வாரச் சம்பளம். 3,540ஐ ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாதவரிடம்தான் இந்தக் கூடுதல் காசு வாங்கப்படுகிறது. கெடு முடிந்த நள்ளிரவே லைன் கட். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்க ஆள் கிடையாது, கம்ப்யூட்டரே நிறுத்திவிடும்.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "கம்பெனி பேக்கே அப்படித்தான் தம்பி, நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மாதாமாதம் வீடு வீடாக வசூலுக்கு ஆள் அனுப்பவும் செலவு உண்டு, புரிகிறது. ஆனால் எங்கள் தெருவில் பாத்திரக்காரர் மிக்ஸியையே வாரத் தவணைக்குக் கொடுக்கிறாரே! போனிலேயே பணம் போட்டுவிடுகிற இந்தக் காலத்தில் வாரம் 150 வாங்க ஏன் முடியாது?

அக்கா வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மூன்று போன். ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி கிடைக்கும் 28 நாள் ரீசார்ஜ் 2024 ஜூலையில் 239இலிருந்து 299 ஆனது. மூன்றுக்கும் 897. அதிலும் 28 நாள் என்பதால் வருடத்துக்கு 13 முறை. வீட்டில் வைஃபை வந்தால் போன்களுக்குச் சின்ன ரீசார்ஜ் போதும், இரண்டு பிள்ளைகளும் டேட்டா தீர்ந்துவிட்டது என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூட வேண்டாம். இந்த இணைப்பு யாரையும்விட அவர்களுக்குத்தான் தேவை. அவர்களுக்குத்தான் விலையும் அதிகம். இதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

மதிப்பெண் கேட்டால் வேகத்துக்கும் ரிப்பேருக்கும் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் அக்காவிடம், "மாசப் பேக்ல இப்போ போடாதீங்க. பாப்பா பரீட்சை முடியற வரைக்கும் எங்க வைஃபையையே எடுத்துக்கட்டும்" என்று சொல்லிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். தெரு தாண்டி அவர்கள் வீட்டு முன் ஜன்னலோரம் மட்டும் சிக்னல் கிடைக்கிறது. அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிக்கிறது அந்தப் பிள்ளை.

"தீபாவளி போனஸ் வந்ததும் மொத்தமா கட்டிருவேன் தம்பி" என்றார் அக்கா. என் கெடு வருகிற 14ஆம் தேதி முடிகிறது. 3,540 எடுத்து வைத்திருக்கிறேன்.