காற்றில் இயங்கும் நெயில் கன்னா, பற்றரி நெயில் கன்னா: வீட்டுச் சட்டக வேலைக்கு எது?

ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கு மரச் சட்டகம் எழுப்பும் எங்கள் குழுவுக்கு இவ்வாண்டு இரண்டு நெயில் கன்கள், அதாவது ஆணி அடிக்கும் துப்பாக்கிகள், தேவைப்பட்டன. கொம்பிரசரோடும் காற்றுக்குழாயோடும் தொடர்வதா, இப்போது கடைகளின் முன்வரிசையைப் பிடித்திருக்கும் பற்றரி நெயில் கன்களுக்கு மாறுவதா என்று ஆராய்ந்த பின்னர், காற்றில் இயங்குபவற்றையே வாங்கினோம். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் பகுதிகளில் புதிதாக ஒப்பந்த வேலையில் இறங்கும் நம்மவர்கள் பலர் இதே கேள்வியைக் கேட்பதால், அந்தத் தெரிவுக்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

வெளிப்படையானவற்றை முதலில் சொல்லிவிடலாம். பற்றரி கன்னுக்குக் குழாய் இல்லை, கொம்பிரசர் இரைச்சல் இல்லை, வண்டியிலிருந்து எடுத்த மறுநிமிடம் வேலையைத் தொடங்கலாம். காற்றுக் கன் விலை குறைந்தது, எடையும் குறைந்தது. மெற்றாபோ எச்பிரி நிறுவனத்தின் என்ஆர்90 வகைக் காற்றுக் கன் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ இருக்க, மில்வாக்கியின் எம்18 ஃபியூவல் கன் பற்றரியோடு ஐந்து கிலோவைத் தாண்டுகிறது. ஏணியில் நின்று தலைக்குமேல் கையை நீட்டி, ஜொயிஸ்டுக்கு (தளத்தைத் தாங்கும் குறுக்குமரத்துக்கு) சாய்வாக ஆணி அடிப்பவருக்கு அந்த வேறுபாடு மாலைக்குள் தோளில் தெரிந்துவிடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, அடிக்க வேண்டிய ஆணிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பேச வேண்டும். சுவரிலும் கூரையிலும் பதிக்கும் பலகைகளுக்கு விளிம்பில் 150 மில்லிமீற்றருக்கு ஒன்று, இடையிலுள்ள ஸ்டட் (சுவரின் நிலைமரம்) போன்ற தாங்குமரங்களில் 300 மில்லிமீற்றருக்கு ஒன்று என்பது கனடாவின் கட்டட விதிக்கோவை வழக்கமாகக் கேட்கும் அளவு. மரச்சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்யும் நான்கடிக்கு எட்டடி ஓஎஸ்பி பலகை ஒன்றுக்கு இதைக் கணக்கிட்டால் ஆணிகள் அறுபதை நெருங்கும். இப்படி ஒரு வீட்டின் சுவர்களும் தரைகளும் கூரையும் சேரும்போது, ஒரே கொம்பிரசரிலிருந்து இரண்டு பேர் இடைவிடாமல் அடிக்கக்கூடிய ஏற்பாட்டுக்கு ஈடாக, பற்றரிகளை மாற்றி மாற்றிச் சார்ஜில் போட்டு வேலை செய்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது எடையோ வேகமோ அன்று, பழுதுபார்ப்புத்தான். நாள்தோறும் ஆணி அடிக்கும் கருவி என்றோ ஒருநாள் நிற்கத்தான் செய்யும். அது நின்றால் அதை யார், எங்கே, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓடவைப்பது என்பதே தொழில் செய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

காற்றுக் கன்னின் உட்புறம் மிக எளிமையானது. மேல்மூடியைப் பிடித்திருக்கும் அலன் போல்ட்டுகளைக் கழற்றினால் சிலிண்டர் வெளியே வரும். அதற்குள் ஒரு பிஸ்டன், அதோடு இணைந்து ஆணியின் தலையில் அடிக்கும் டிரைவர் பிளேட், அடியின் வேகத்தைத் தாங்கும் ரப்பர் பம்பர், காற்றைக் கசியவிடாமல் தடுக்கும் சில ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள். அடிப்படையில் இவ்வளவுதான். கோளாறும் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். விசையை அழுத்தாமலே காற்று சீறினால் மேல்வால்வின் அல்லது விசைவால்வின் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் ஆணித் தலை மரத்துக்கு மேலே நின்றால், டிரைவர் பிளேட்டின் முனை தேய்ந்து வட்டமாகியிருக்கும், அல்லது பிஸ்டனைச் சுற்றிய ஓ-ரிங் தளர்ந்திருக்கும். மூடியைத் திறந்ததும் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தால் பம்பர் நொறுங்கிவிட்டது என்று பொருள். இவற்றையெல்லாம் சில பத்து டொலருக்குக் கிடைக்கும் உதிரிப்பாகத் தொகுதியைக் கொண்டு, மதிய இடைவேளைக்குள் வண்டியின் பின்பலகையில் வைத்தே மாற்றிவிட முடிகிறது. ஹிட்டாச்சி என்ற பெயரில் விற்கப்பட்டு 2018 முதல் மெற்றாபோ எச்பிரி என்ற பெயரில் வரும் என்ஆர்83 போன்ற கன் நீண்டகாலமாகச் சந்தையில் இருப்பதால், அதன் பாகங்களைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

பற்றரி கன்னின் உள்ளே நிலைமை வேறு. டிவால்ட் கன்னில் மோட்டார் ஒரு சக்கரத்தை வேகமாகச் சுழற்றி, அந்தச் சுழற்சியின் விசையால் பிளேட்டைத் தள்ளுகிறது. மில்வாக்கியிலோ, அடைத்து முத்திரையிட்ட உருளைக்குள் அழுத்தப்பட்ட வாயு அந்த வேலையைச் செய்கிறது. இரண்டுமே திறமான பொறியியல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மின்சுற்றுப் பலகையோ முத்திரையிட்ட உருளையோ பழுதானால், வேலைத்தளத்தில் நிற்கும் தச்சர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எங்களிடம் இருக்கும் பற்றரி கன் ஒருமுறை விளக்கு மட்டும் மின்னியபடி நின்றுபோனது. திருத்தும் நிலையத்துக்கு அனுப்பினோம். உத்தரவாதக் காலத்துக்குள் இருந்ததால் பணம் கேட்கவில்லை. ஆனால் கருவி திரும்பி வருவதற்குள் அந்த வீட்டின் கூரையே ஏறிவிட்டது. கூலிக்கு ஆள் வைத்து வேலை செய்பவருக்கு உத்தரவாதம் எதை மீட்டுத் தருகிறது, எதை மீட்டுத் தரவில்லை என்பது இத்தகைய நாட்களில்தான் தெரியும்.

மறுவிற்பனையும் இதோடு சேர்ந்ததே. பழைய காற்றுக் கன்னை வாங்குபவர் ஓ-ரிங்கும் பம்பரும் மாற்றி அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பழைய பற்றரி கன்னை வாங்குபவர், உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று அறியாமலே, முதுமையடைந்த பற்றரியையும் சேர்த்தே வாங்குகிறார். எனினும் பற்றரி கன்னை நாங்கள் சில்லறைத் திருத்தங்களுக்கே பயன்படுத்தியிருக்கிறோம். ஆண்டுக்கணக்காக முழுநாளும் அடித்தால் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

காற்றுக் கன்னும் பராமரிப்புக் கேட்கிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. காலையில் காற்று நுழையும் வாயில் சில துளி கருவி எண்ணெய் விட வேண்டும். மாலையில் கொம்பிரசர் தொட்டியின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் உறைந்து காற்றை மறிக்கும் என்பதால், குளிருக்கென்று விற்கும் எண்ணெயையே பயன்படுத்துகிறோம். மின்சாரம் தொலைவில் இருந்தால் வயரை நீட்டாமல் காற்றுக்குழாயை நீட்டுவது நல்லது. நீண்ட மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து, குளிரில் தடித்த எண்ணெயோடு போராடும் மோட்டார் தொடங்க முடியாமல் பிரேக்கரைத் தட்டிவிடும். இந்த ஒரு விடயத்தில் பற்றரி கன்னுக்குத் தொல்லை குறைவு. அங்கும் உறைநிலைக்குக் கீழே லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்ய முடியாது என்பதால், பற்றரிகளைக் கதகதப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

பற்றரி கன்னே பொருத்தமான வேலைகளும் உண்டு. ஆட்கள் குடியிருக்கும் வீட்டின் பேஸ்மென்டில் இரண்டு அறைத் தடுப்புகளை எழுப்புவதற்காகக் கொம்பிரசரைப் படியிறக்கிக் கொண்டுபோவது வீண் வேலை. அப்படிப்பட்ட வேலையே பெரும்பாலும் செய்பவர் தயங்காமல் பற்றரிக்குப் போகலாம். 1986இல் வந்த பாஸ்லோட் நிறுவனத்தின் இம்பல்ஸ் கன்னின் வழியில் எரிவாயுவில் இயங்கும் கன்கள் எடை குறைந்தவை. ஆனால் வாயுக் குப்பிக்குக் காலாவதித் திகதி உண்டு, கடுங்குளிரில் அவை தடுமாறும் என்பதால் எங்கள் பட்டியலில் அவை இடம்பெறவில்லை.

காற்றுக் கன் என்று முடிவான பிறகு, ஆணிகளின் சாய்வுக் கோணத்தைப் பார்க்க வேண்டும். 21 பாகைக் கன் பிளாஸ்ரிக்கில் கோத்த, முழுவட்டத் தலை கொண்ட ஆணிகளை எடுக்கும்; 30 பாகைக் கன் காகிதப் பட்டையில் நெருக்கமாகக் கோத்தவற்றை எடுக்கும். இரண்டாவதன் மகசின் (ஆணிப் பட்டையைத் தாங்கும் பகுதி) ஒடுக்கமான ஸ்டட் இடைவெளிகளுக்குள் எளிதாக நுழையும், பிளாஸ்ரிக் துண்டுகள் முகத்தில் தெறிப்பதும் இல்லை. ஆனால் மழையில் நனைந்த காகிதப் பட்டை கன்னுக்குள் சிக்கும். காகிதப் பட்டையில் வரும் ஆணிகள் பலவற்றின் தலை ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும்; அத்தகைய வெட்டிய தலை ஆணிகளை ஏற்காத இடங்களும் உண்டு. முழுவட்டத் தலையைப் பார்க்கும் கட்டடப் பரிசோதகர் அதைப் பற்றிக் கேள்வி எழுப்புவதில்லை. நாங்கள் 21 பாகையையே எடுத்தோம். ஸ்டட்டைப் பிளேற்றோடு (சுவரின் மேலும் கீழும் கிடையாக வரும் மரத்தோடு) இணைக்க விதிக்கோவை கேட்கும் 82 மில்லிமீற்றர், அதாவது மூன்றேகால் அங்குல ஆணி, எந்தக் கடையிலும் அந்தக் கோணத்தில் கிடைக்கிறது.

வாங்கியவுடன் விசையை, ஒவ்வோர் ஆணிக்கும் தனியே அழுத்தும் முறைக்கு மாற்றினோம். விசையை அழுத்திப் பிடித்தபடி முனை மரத்தில் பட்டபோதெல்லாம் அடிக்கும் முறையில், ஒவ்வோர் ஆணிக்கும் விசையைத் தனியே அழுத்தும் முறையைவிடக் காயமடையும் வாய்ப்பு இருமடங்கு என்று அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நையோஷும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. சில கன்களில் ஒரு சிறு நெம்பைத் திருப்பினால் போதும். சிலவற்றில் விசைத் தொகுதியையே மாற்ற வேண்டும். பலகை பதிக்கும்போது இதனால் சிறிது நேரம் கூடுகிறது. ஆனால் குழுவில் பழகுநர் ஒருவர் இருக்கும்வரை இரண்டு கன்களிலும் அந்த விசையே இருக்கும்.