மூவிங் ஆவரேஜும் ரோல்ஓவர் தொல்லையும்

ஃப்யூச்சர்ஸில் (பின்தேதி ஒப்பந்த வர்த்தகம்) விலை 20 நாள் மூவிங் ஆவரேஜை, அதாவது கடைசி 20 நாள் விலையின் சராசரிக் கோட்டை, விட்டு ரொம்ப மேலே போய்விட்டால் ஷார்ட் போகலாமா (விலை இறங்கும் என்று முதலில் விற்கலாமா) என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கோட்டோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்லது. ஆவரேஜுக்கும் விலைக்கும் உள்ள தூரத்தைச் சதவீதத்தில் பார்ப்பதை விட்டுவிட்டு, ஏடிஆரால் (விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) வகுத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு இது உருப்படியான கருவி. கச்சா எண்ணெயையும் தங்கத்தையும் ஒரே அளவில் ஒப்பிடலாம். மூன்று ஏடிஆர் தள்ளி நிற்கும் விலையைத் துரத்தி வாங்கக் கையே வராது. ஸ்டாப் லாஸை (நஷ்டத்தோடு வெளியேறும் விலையை) எங்கே வைப்பது என்று யோசித்தாலே ஆசை அடங்கிவிடும். இந்த ஒன்றுக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். ரோல்ஓவர்!

முடியப்போகும் கான்ட்ராக்டை விட்டு அடுத்ததற்கு மாறுவதுதான் அது. கான்ட்ராக்டுகளை வரிசையாக ஒட்டிய கன்டினியஸ் சார்ட்டில் பழைய கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது ஒட்டும் இடத்தில், இரண்டின் விலை வித்தியாசம் கேப்பாக (இடைவெளியாக) விழுகிறது. சந்தை அசையவே இல்லை. ஆனால் ஆவரேஜுக்குள் 19 பழைய விலை, ஒரு புது விலை. உடனே 'விலை எகிறிவிட்டது' என்று சிக்னல். போதாததற்கு அந்த கேப் ஏடிஆருக்குள்ளும் புகுந்து அதையும் ஊதிவிடுகிறது. பழைய விலைகள் முழுதாக வெளியேற 20 கேண்டில் (ஒரு நாளுக்கு ஒன்று) ஆகும். மாதாமாதம் எக்ஸ்பைரி ஆகும் கான்ட்ராக்ட் என்றால், அதற்குள் அடுத்த ரோல்ஓவர் வாசலில் நிற்கும். 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ (அமெரிக்கக் கச்சா எண்ணெய்) மே கான்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே நாளில் ஜூன் கான்ட்ராக்ட் 20 டாலருக்கு மேல். இந்த இரண்டையும் அப்படியே ஒட்டிய சார்ட்டில் ஆவரேஜ் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

பேக் அட்ஜஸ்ட் செய்த, அதாவது அந்த வித்தியாசத்தைப் பழைய விலைகளில் கூட்டியோ கழித்தோ சரிசெய்த சார்ட்டில் கேப் மறையும், ஏடிஆர் கணக்கும் பிழைக்கும். ஆனால் பழைய விலைகள் எல்லாம் சந்தையில் நடக்காத விலைகளாகிவிடும், சதவீதக் கணக்கு அங்கே செல்லாது. எந்த சார்ட்டில் எது என்று ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதுதான் கடுப்பு.

அப்புறம் நண்பரின் கேள்வி. ஷார்ட் போகாதீர்கள். விலை இறங்கித்தான் ஆவரேஜைத் தொட வேண்டும் என்றில்லை. விலை அங்கேயே நிற்க, ஆவரேஜ் மெல்ல மேலே வந்தும் தொடும். அதுவரை விலை ஏறும் நாளெல்லாம் மார்க் டு மார்க்கெட்டுக்கு (அன்றன்றைய நஷ்டத்தை அன்றே கணக்குத் தீர்ப்பது) மார்ஜின் பணம் கட்டுவது நீங்கள்தான்.

இந்தக் கருவிக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. இது ரோல்ஓவர் வாரம். அடுத்த வாரம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்.