தொலைவிலுள்ள சர்வரில் கணக்குப் பூட்டு: ஃபெயில்2பேன், ஃபெயில்லாக் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் சர்வர்களைப் பல ஆண்டுகளாக எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நிர்வகித்து வருகிறேன். நுழைவு முயற்சிகள் பலமுறை தவறினால் தடுக்கும் கருவிகளான ஃபெயில்2பேன், ஃபெயில்லாக் இரண்டும் அவற்றில் தொடர்ந்து இயங்குகின்றன. உள்ளே நுழைய முடியவில்லை என்று ஒருவர் சொன்னதும், தடுத்தது எது என்று பாராமல் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுப்பதால் பெரும்பாலும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

ஃபெயில்2பேன் தடுப்பது ஐபி முகவரியை. ஃபெயில்லாக் பூட்டுவது கணக்கை. கடவுச்சொல் கேட்கும் முன்பே இணைப்பு மறுக்கப்பட்டு, மொபைல் இணையம் வழியாக முயலும்போது மட்டும் இணைப்பு கிடைத்தால், காரணம் முதலாவதாக இருக்கலாம். கடவுச்சொல்லைக் கேட்டு, அது சரியாக இருந்தும் 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

ஃபெயில்லாக்கின் இயல்பு அமைப்பில், 15 நிமிடங்களுக்குள் 3 முறை தவறினால் கணக்கு 10 நிமிடங்களுக்குப் பூட்டப்படும். ஃபெயில்லாக் என்ற கட்டளையைப் பயனர் பெயருடன் இயக்கினால், தவறிய முயற்சிகளின் நேரமும் அவை வந்த முகவரியும் வரிசையாகத் தெரியும். பூட்டை நீக்க ரீசெட் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை நிதானமாகப் படிப்பது அவசியம். பயனரின் சொந்த முகவரியிலிருந்தே சீரான இடைவெளியில் தோல்விகள் பதிவாகியிருந்தால், பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் ஏதோவொரு பேக்கப் ஸ்கிரிப்டோ கோப்புப் பரிமாற்றச் செயலியோ பின்னணியில் முயன்றுகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதை நிறுத்தாதவரை பூட்டு திரும்பத் திரும்ப விழும். முன்பின் தெரியாத முகவரிகளாக இருந்தால் வெளியிலிருந்து தாக்குகிறார்கள்.

ஃபெயில்லாக்கின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது: பயனர் பெயர் தெரிந்த எவரும் வேண்டுமென்றே தவறாக முயன்று, உரியவரையே வெளியே நிறுத்திவிட முடியும். ஆகவே இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வர்களில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, எஸ்எஸ்ஹெச் கீயையும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் விசைக்கோப்பு) ஃபெயில்2பேனையும் நம்புவதே நல்லது. கீ வழி நுழைவை ஃபெயில்லாக்கின் பூட்டு பொதுவாகத் தடுப்பதில்லை.

கீ பயன்படுத்துவோர் சிலர் சந்திக்கும் 'டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' என்ற செய்தி பூட்டைக் குறிப்பதன்று. ஏஜென்டில் (கீகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) உள்ள கீகள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டு, சரியானதன் முறை வருவதற்குள் சர்வரின் முயற்சி வரம்பு, இயல்பாக 6, தீர்ந்துவிடுகிறது. பயனரின் கணினியிலுள்ள எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் உரிய கீயைக் குறிப்பிட்டு, ஐடென்டிட்டீஸ்ஒன்லி என்பதை 'யெஸ்' ஆக்கினால் போதும்.

ஃபெயில்2பேன் மாற்றங்களை அதன் மூல அமைப்புக் கோப்பான ஜெயில்.கான்ஃபில் செய்யாமல் ஜெயில்.லோக்கலில் எழுதுகிறேன், அப்கிரேடின்போது அவை அழிவதில்லை. நிலையான ஐபி உள்ளவர்கள் அதை, தடையிலிருந்து விலக்கும் பட்டியலான இக்னோர்ஐபியில் சேர்க்கலாம். மற்றவர்களுக்கு, சர்வர் வழங்குநரின் வெப் கன்சோல் (உலாவியிலிருந்தே சர்வரை இயக்கும் திரை) வழியாக நுழைந்து தடையை நீக்குவது ஒரு வழி என்பதால், அந்தக் கன்சோலின் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்பதை முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொள்வது நல்லது.