குளியலறைக்கு டபிள்யூ.பி.சி. கதவு நிலை: வாங்கலாமா?

டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பொருள்) நிலையை வாங்கலாம், ஆனால் குளியலறைக்கு மட்டும். பூட்டினால் கெட்டியாக நிற்க வேண்டிய தலைவாசலுக்கு வேண்டாம்.

மர நிலை குளியலறையில் கெடுவது பெரும்பாலும் காலடியில்தான். தரையிலிருந்து அரை அடி உயரம் வரை தண்ணீர் ஏறி, பெயின்ட் உப்பி, உள்ளே இற்றுப்போகும்; கரையானும் அந்த வழியாகவே நுழையும். பி.வி.சி., மரத்தூள், கால்சியம் பவுடர் மூன்றையும் கலந்து உருக்கி, நுரைக்கவைத்து அச்சில் இழுப்பதுதான் டபிள்யூ.பி.சி. இதில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை. இந்த ஒரு காரணம் போதும்.

கடைகளில் 4×2½, 5×2½, 5×3 அங்குல அளவுகள் கிடைக்கும். விலை ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது நீளத்துக்கு அடி வீதம். 7×2½ அடிக் கதவுக்கு மூன்று பக்க நிலை என்றால் சுமார் 17 அடி ஆகும். நாலரை அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் பூசியதும் ஐந்தரை அங்குலம் ஆகிவிடும். 4 அங்குல நிலை அதில் உள்வாங்கி நிற்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் பூச்சோடு சமமாக வைக்காவிட்டால் கதவு முழுக்கத் திறக்காமல் சுவர் விளிம்பில் முட்டும். 5 அங்குலமே நல்லது.

தரம் பார்க்க எடையை மட்டும் நம்ப வேண்டாம். 4×2½ அளவில் 7 அடிக் கால் (நிலையின் நிற்கும் பக்கம்) ஒன்று 8 முதல் 9 கிலோ இருப்பது சரிதான். ஆனால் கால்சியத்தை அள்ளிப் போட்டாலும் எடை கூடும்! வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். வெட்டுமுகத்தின் நடுவில் பெரிய ஓட்டைகள் தெரியக் கூடாது. விரலால் தேய்த்தால் மாவாக உதிரக் கூடாது. பிறகு 8 நம்பர் திருகு ஒன்றை அந்தத் துண்டில் ஒரே துளையில் மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். மூன்றாவது தடவையும் பிடித்தால் சரக்கு நல்லது. வெறுமனே சுற்றினாலோ ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்தாலோ அடுத்த கடை பாருங்கள்.

புகார்களில் பல பொருத்துகிற விதத்தால் வருபவை. மரத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார்கள்: மூட்டுக்குக் குடுமி செதுக்குவது, ஆணி அடிப்பது, ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) முடுக்கி சிமென்ட் கலவை போட்டு மூடுவது. கலவை இதன் வழவழப்பான மேல்தோலில் ஒட்டாது. நிலையை ஒட்டியே பூச்சில் கோடு விழும். அதனால் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகுதான் இந்த நிலையை நிறுத்த வேண்டும். 2½ அடிக் கதவுக்குச் சுவரில் 35 அங்குலத் திறப்பு விட்டால், நிலைக்கும் சுவருக்கும் பக்கத்துக்கு 10 மி.மீ. இடைவெளி கிடைக்கும். ஆப்பு வைத்து, தூக்குகுண்டு பிடித்து, இரண்டு குறுக்கு மூலையளவும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். பிறகு காலுக்கு நான்கு வீதம், நைலான் உறையோடு வரும் 10×120 மி.மீ. ஃபாஸ்டனர் (நிலையைச் சுவரோடு இறுக்கும் நீளத் திருகு) போடுங்கள். முதலாவதும் கடைசியும் முனையிலிருந்து அரை அடி தள்ளி இருக்கட்டும். ஆப்பு இல்லாத இடத்தில் முடுக்கினால் கால் சுவர்ப்பக்கம் வளையும். இடைவெளியில் பி.யூ. ஃபோம் (ஊதி இறுகும் நுரை) அடித்து, மறுநாள் பிதுங்கியதை அறுத்து, ஓரத்துக்கு சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) கொடுத்தால் போதும். ஃபோமை அளவுக்கு மீறி அடித்தால் அது ஊதி, காலை உள்பக்கம் தள்ளிவிடும்; அப்புறம் கதவு உரசும். அறுத்த அடிமுனைக்கும் சீலன்ட் தடவுங்கள், உள்ளே மரத்தூள் இருக்கிறது.

அடுத்த பலவீனம் கீல். 30 மி.மீ. கனமுள்ள கெட்டி டபிள்யூ.பி.சி. கதவு 26 முதல் 30 கிலோ வரை இருக்கும், மூன்று கீலில் தொங்கவிடுவது ரிஸ்க். 4 அங்குல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல் நான்கு போடுங்கள், மேலே இரண்டு நெருக்கமாக. 2½ மி.மீ. துளை போட்டு, 40 மி.மீ. திருகைக் கடைசிச் சுற்றுகளில் கையால் முடுக்க வேண்டும். டிரில்லை முழு வேகத்தில் ஓட்டினால் நுரை அரைபட்டுப் பிடிப்பு போய்விடும். பிடிப்புப் போன துளையில் மரத்துக்குச் செய்வதுபோல் தீக்குச்சி செருகித் திருகுவது இங்கே எடுபடாது. கீலை ஓர் அங்குலம் மேலோ கீழோ நகர்த்துவதுதான் வழி.

நேர் வெயில் படும் மாடிக் கதவுக்கும் இது ஆகாது. நிறம் மங்கும், சூட்டில் இளகி வளையும். சைட்டிலும் வெயிலில் சுவரோடு சாய்த்து வைக்காமல் சமதரையில் படுக்க வைக்கச் சொல்லுங்கள். வளைந்து வந்த காலைத் திருகால் இழுத்து நேராக்குகிறேன் என்று ஆசாரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.