12 அங்குல போர்ட்டட் சப் ஒன்றா, 10 அங்குல சீல்டு சப் இரண்டா? வேலூர் ஹாலுக்கு எது பொருந்தும்

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டின் ஹால் 16க்கு 11 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ். முன்னால் ஐந்தேகால் அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இதோடு சேர்க்க 12 அங்குல போர்ட்டட் சப் ஒன்று வாங்கலாம். அல்லது 10 அங்குல சீல்டு சப் இரண்டு. சப் என்பது பாஸை மட்டும் ஒலிக்கும் சப்வூஃபர் பெட்டி. காற்றுத் துளை வைத்தது போர்ட்டட், முழுக்க மூடியது சீல்டு. கடையில் கேட்டால் பெரிய பெட்டிதான் அசத்தும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் இரண்டு சின்னதுதான் நன்றாக இருக்கும்.

காரணம் அறை. 565ஐ அடிக்கணக்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை முதலில் எந்த ஹெர்ட்ஸில் முழங்கும் என்று தெரியும். 16 அடிக்கு 35, 11 அடிக்கு 51, 10 அடிக்கு 56. செங்கலும் கான்கிரீட்டும் பாஸை அதிகம் உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். சோபா நீளவாக்கில் நடு ஹாலில் இருந்தால் 35 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். பின் சுவரை ஒட்டிப் போட்டால் அதே 35 வீங்கி, வசனத்தையே மூழ்கடிக்கும். ஒரே சப் என்றால் ஒருவருக்குச் சரியாக வைக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கெடும். ஹெர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வீக்கத்தைக் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் ஆம்ப்தான் திணறும்.

ஒரே மாடல் சப் இரண்டை, முன் சுவரின் நடுவில் ஒன்று, பின் சுவரின் நடுவில் ஒன்று என்று வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஃபேஸில், அதாவது இரண்டின் கோனும் ஒரே நேரத்தில் முன்னே வந்து பின்னே போகும்படி ஓடும்போது 35 ஹெர்ட்ஸ் முழக்கத்தை எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். அகலத்தின் நடுவில் நிற்பதால் 51ஐயும் அவ்வளவாகத் தூண்டாது. இந்த மூன்றில் மிஞ்சுவது 56, அதை ஈக்யூ பார்த்துக்கொள்ளும். சீல்டு பெட்டி சிறியது என்பதால் டிவி ஸ்டாண்டை ஒட்டி ஒன்றும் சோபாவின் பின்னால் ஒன்றும் அடங்கிவிடும்.

போர்ட்டட் ஜெயிக்கும் இடமும் உண்டு. 20 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை, வெடிச்சத்தம் வயிற்றில் இறங்க வேண்டும் என்றால் அதற்குத்தான் பலம். சீல்டு சப் கீழே போகப் போக ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் சரியும். மூடிய அறையில் 35க்குக் கீழே அறையே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதால் அந்தச் சரிவு பாதி ஈடாகிவிடும். ஏசி போட்டுக் கதவைச் சாத்திப் பார்க்கும் வீட்டில் இது வேலை செய்யும். அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துப் பார்க்கும் வீட்டிலும், டைனிங்கும் மாடிப்படியும் ஹாலோடு சேர்ந்து திறந்திருக்கும் வீட்டிலும் அந்த உதவி கிடைக்காது. அங்கே போர்ட்டட்டையே எடுங்கள். ஏற்கெனவே ஒரு போர்ட்டட் இருக்கிறதே, அதோடு சீல்டு ஒன்றைச் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். இரண்டின் ஃபேஸும் கீழே வேறு வேறு மாதிரி திரும்பும். கூட வேண்டிய இடத்தில் கழியும்.

சப்பே இல்லாமல் டவர் எனும் உயரமான ஸ்பீக்கர் மட்டும் வாங்கும் யோசனையைப் பற்றி ஒரே வரி: படத்தின் எல்எஃப்இ எனும் தனி பாஸ் தடம் மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி அமைந்தது, அந்தச் சுமையை ஆறரை அங்குல வூஃபர் தலையில் கட்டாதீர்கள்.

மெயின் ஸ்பீக்கரோடு இணைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆட்டோ செட்டப் முடிந்ததும் ரிசீவர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டி) மெயின் ஸ்பீக்கரை 'லார்ஜ்', அதாவது பாஸ் முழுவதையும் தாங்கும் என்று வைத்திருந்தால் 'ஸ்மால்' ஆக்குங்கள். கிராஸோவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர் சின்னதென்றால் 100. மூன்று அங்குல வூஃபர் உள்ள சாட்டிலைட் எனும் குட்டி ஸ்பீக்கருக்கு 120க்கு மேல் போக வேண்டியிருக்கும். அப்போது சப் எந்த மூலையில் இருக்கிறது என்று காது கண்டுபிடித்துவிடும், ஆகவே சப் முன் பக்கம்தான் இருக்க வேண்டும். சப்பின் பின்னால் இருக்கும் கிராஸோவர் குமிழை உச்சத்தில் விடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து 80ஐச் சுற்றிக் குழி விழும். சப்பின் தூரம் 12 அடியாக இருந்தும் ரிசீவர் 17 என்று காட்டினால் திருத்தாதீர்கள், சப்பின் உள்ளே ஆகும் தாமதத்தையும் அது சேர்த்தே கணக்கிடுகிறது. கடைசியாக 80 ஹெர்ட்ஸ் டோனை மெயினும் சப்பும் சேர்ந்து ஒலிக்கவிட்டு, சோபாவில் உட்கார்ந்தபடி ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று ஒருவரை மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி.

ரிசீவரில் சப் அவுட் ஒன்றுதான் என்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போதும், ஆனால் இரண்டு சப்புக்கும் ஒரே தாமதம்தான் கிடைக்கும். சோபா இரண்டுக்கும் கிட்டத்தட்ட சம தூரத்தில் இருக்க வேண்டும். பின் சுவரை ஒட்டியே சோபா போட்டாக வேண்டிய வீட்டில் தனித்தனி அவுட் உள்ள ரிசீவர் அவசியம். பின் சப்புக்கு வேறு பிளக் பாயிண்ட் எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வரலாம். முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். நிற்கவில்லையென்றால் சப்பையும் ரிசீவரையும் ஒரே போர்டில் இருந்து ஓட்டுங்கள். எர்த் பின்னை வெட்டும் வேலை மட்டும் கூடவே கூடாது.

எல்லாம் முடிந்தபின் 20 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொண்டி எல்லாம் ஆளுக்கொரு ஹெர்ட்ஸில் அதிரும். கண்ணாடிக்கு ஃபெல்ட் பொட்டு, பீரோவுக்குக் கதவிடுக்கில் ரப்பர் துண்டு.