நான்கு தட்டு ரெய்ட் பெட்டி: கொழும்பில் ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் சிறிய ஒளிப்பதிவுக் கலையகத்தில், 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, கியூநாப் நிறுவனத்தின் டி.ஆர்-004 என்னும், நான்கு வன்தட்டுகள் கொண்ட ரெய்ட் பெட்டி மேசைக் கணினியுடன் இணைக்கப்பட்டு அன்றாடம் இயங்கிவருகிறது. அரங்கேற்றம், திருமணம், ஆடிவேல் என்று எதைப் பதிவு செய்தாலும் அது முதலில் வந்து சேரும் இடம் அந்தப் பெட்டிதான். இத்தகைய பெட்டியை வாங்க நினைப்பவர்கள் வேகத்தையும் கொள்ளளவையும் பற்றியே என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். மின்சாரம் திடீரென நின்றால் உள்ளே என்ன நடக்கும், ஒரு தட்டு பழுதானால் மாற்றுத் தட்டு எப்போது கைக்கு வரும் என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்ட பிறகே மற்றவற்றைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

தேவை எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் மூன்று மணிநேரம் நடக்கும் ஓர் அரங்கேற்றத்தை மூன்று கமராக்களில், வினாடிக்கு 100 மெகாபிட் என்னும் அளவில் 4கே தரத்தில் பதிவு செய்தால், ஒரு கமராவுக்கு மணிக்கு 45 ஜிகாபைட் வீதம் மொத்தம் 405 ஜிகாபைட் சேரும். தொகுப்புக்காக அதைப் புரோரெஸ் 422 வடிவத்துக்கு மாற்றும்போது, 25 பிரேம் 4கே காட்சிக்கு வினாடிக்குச் சுமார் 490 மெகாபிட் தேவைப்படுகிறது. மூன்று கமராக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமானால் வினாடிக்கு ஏறத்தாழ 185 மெகாபைட் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும். தனி வன்தட்டு ஒன்று, வெவ்வேறு இடங்களில் கிடக்கும் மூன்று கோப்புகளை மாறி மாறித் தேடி எடுத்து அந்த வேகத்தைத் தொடர்ந்து தருவது கடினம். பல தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்ட் முறையின் தேவை இங்கேதான் எழுகிறது. இந்தப் பெட்டியின் யூ.எஸ்.பி. இணைப்பு வினாடிக்கு 5 ஜிகாபிட் கொண்டது. நடைமுறையில் 400 மெகாபைட்டை அண்டிய வேகத்தையே அதிலிருந்து எதிர்பார்க்கலாம். எங்கள் வேலைக்கு அது போதும். எட்டு கமராக்களில் பதிவு செய்பவர்களுக்குப் போதாது. அவர்கள் இதைவிட வேகமான தண்டர்போல்ட் இணைப்புள்ள பெட்டியைத் தேடுவதே சரி.

எந்த ரெய்ட் மட்டத்தை, அதாவது தட்டுகளில் தரவைப் பகிர்ந்து எழுதும் எந்த முறையை, தெரிவு செய்வது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒன்று முதல் ஐந்து வரையான மட்டங்களே விவரிக்கப்பட்டிருந்தன. இன்று நாம் பேசும் 0, 6, 10 ஆகியவை பின்னர் வழக்குக்கு வந்தவை. எங்கள் பெட்டியில் 6 இல்லை. ஆகவே 5, 10 ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் தெரிவு. யூனிட்டி பிளாசாவில் தட்டுகளை எடுத்துத் தந்த கடைத் தம்பி, "ஐந்திலேயே போடுங்கோ அண்ணா, 24 டெராபைட் வரும், பத்திலே போட்டால் பாதி இடம் வீணாய்ப் போகும்" என்றார். நான்கு 8 டெராபைட் தட்டுகளுக்கு அந்தக் கணக்கு சரியானதே: ரெய்ட் 5இல் 24 டெராபைட், ரெய்ட் 10இல் 16 டெராபைட். ஆயினும் நான் பத்தையே எடுத்தேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரெய்ட் 5இல் தரவு மூன்று தட்டுகளில் பிரிந்து எழுதப்படும்போது, அவற்றிலிருந்து கணித்தெடுக்கப்பட்ட பாரிட்டி, அதாவது ஒரு தட்டு போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் தரவு, நான்காவதில் எழுதப்படுகிறது. பாரிட்டியின் இடம் தட்டுக்குத் தட்டு சுழன்றுகொண்டிருக்கும். தரவு எழுதப்பட்டு, பாரிட்டி எழுதப்படுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். அந்தப் பொருத்தமின்மை அன்றைக்கு வெளியே தெரியாது. பல மாதங்கள் கழித்து ஒரு தட்டு பழுதாகி, அந்தப் பாரிட்டியை நம்பி மீளமைக்கும்போது, அன்றைக்கு எழுதப்படாத வேறொரு கோப்பும் சேர்ந்து சிதைந்து வெளிவரலாம். பெரிய நிறுவனங்களுக்கான சாதனங்களில் இதைத் தடுக்க மின்கலத்துடன் கூடிய தற்காலிக நினைவகம் இருக்கும். மேசைப் பெட்டிகளில் பொதுவாக அது இருப்பதில்லை. ரெய்ட் 10இல் ஒவ்வொரு தட்டுக்கும், அதே தரவைத் தாங்கும் ஓர் இணை உண்டு. மின்சாரம் நின்ற கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகலாம். மற்றவை அதனால் பாதிக்கப்படுவதில்லை.

மீளமைப்பின்போது வாசிக்க வேண்டிய அளவும் கவனத்துக்குரியது. ரெய்ட் 5இல் ஒரு தட்டு போனால் எஞ்சிய மூன்றையும் முழுமையாக, அதாவது 24 டெராபைட்டை, வாசிக்க வேண்டும். சாதாரண மேசைத் தட்டுகளின் தரவுத்தாளில், 100 இலட்சம் கோடி பிட்டுகளுக்கு ஒருமுறை, அதாவது 12.5 டெராபைட்டுக்கு ஒருமுறை, வாசிக்க முடியாத பிழை நேரலாம் என்று உச்ச வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். நடைமுறையில் தட்டுகள் இதைவிட நன்றாகவே இயங்குகின்றன. இருந்தபோதிலும், இணைத் தட்டின் 8 டெராபைட்டை மட்டும் வாசித்தால் போதும் என்ற நிலையிலேயே எனக்கு நிம்மதி. ரெய்ட் 10க்கும் ஒரு பலவீனம் உண்டு: ஒரு தட்டு போன நிலையில் அதன் இணையும் போனால் எல்லாம் போய்விடும். ஆனால் எஞ்சிய மூன்றில் அந்த ஒன்றுதான் ஆபத்தானது. ரெய்ட் 5இல் மூன்றில் எது போனாலும் முடிந்தது.

தட்டுகளை வாங்கும்போது சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்று பார்த்தே வாங்க வேண்டும். எஸ்.எம்.ஆர். தட்டுகளில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருப்பதால், ஒன்றைத் திருத்தி எழுத அடுத்தடுத்தவற்றையும் எழுத வேண்டியிருக்கும்; சி.எம்.ஆர். தட்டுகளில் தடங்கள் அப்படி ஏறி அமைவதில்லை. மீளமைப்பின்போது அவை மிகவும் மந்தமாகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில தட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது 2020இல் வெளிவந்து பெரும் விவாதமானது. அதன் பின்னர் சி.எம்.ஆர். தட்டுகளை ரெட் பிளஸ் என்று அந்த நிறுவனம் பிரித்துப் பெயரிட்டது. தட்டு வரும் அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துத் திருப்திப்படாமல், மாதிரி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். நான் ஐந்து தட்டுகள் வாங்கினேன். நான்கு பெட்டிக்கு, ஒன்று அலுமாரிக்கு. அந்த ஐந்தாவது தட்டின் அருமை பின்னர் தெரிந்தது.

அமைக்கும் வேலையைப் பொறுமையாகச் செய்தோம். முதலில் ஒவ்வொரு தட்டையும் கணினியில் தனியாகப் பொருத்தி, தொடக்கம் முதல் இறுதி வரை வாசிப்புச் சோதனைக்கு உட்படுத்தினோம். வினாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் 8 டெராபைட்டுக்குப் பதினைந்து மணிநேரம் பிடிக்கும். புதிய தட்டுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். பலவீனமான தட்டை, அதில் எதையும் எழுதுவதற்கு முன்னரே கண்டுபிடித்துக் கடையில் மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் அறியேன். அடுத்து, தட்டைத் தாங்கிப் பெட்டிக்குள் செல்லும் ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அதிலுள்ள தட்டின் தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளை வெள்ளை மார்க்கரால் எழுதினோம். பிழைச் செய்தி வரும் நாளில், எந்தத் தட்டைக் கழற்றுவது என்பதில் குழப்பம் இருக்கவே கூடாது.

பெட்டியின் பின்புறமுள்ள சிறிய டிப் சுவிட்சுகளை ரெய்ட் 10க்குரிய நிலையில் வைத்து, அருகிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் நான்கு தட்டுகளும் சேர்ந்த அணி உருவாகிவிடுகிறது. அந்தச் சுவிட்சுகளைப் பின்னர் மாற்றி அதே பொத்தானை அழுத்தினால் தட்டுகளில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் அந்த இடத்தின் மேல் ஒரு நாடாவை ஒட்டிவிட்டோம். விண்டோஸில் ஜி.பி.டி. பிரிவாக்க முறையையே தெரிவு செய்ய வேண்டும்; பழைய எம்.பி.ஆர். முறை 2 டெராபைட்டைத் தாண்டாது. 16 டெராபைட் வாங்கியவருக்கு விண்டோஸ் 14.5 என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது, எதுவும் தொலைந்துவிடவில்லை. என்.டி.எஃப்.எஸ். வடிவமைப்பில் ஒதுக்கீட்டு அலகை 64 கிலோபைட்டாக வைத்தோம். பெரிய ஒளிப்பதிவுக் கோப்புகளுக்கு அது பொருத்தமானது. தட்டுக் கொள்கையில் விரைவாக நீக்கும் தெரிவையே விட்டுவைத்தோம். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து இயல்பாகவே அதுதான் இருக்கிறது. எழுதும் வேகம் சற்றுக் குறைந்தாலும், எழுத வேண்டியது கணினியின் நினைவகத்தில் தேங்கி நிற்பதில்லை. மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் அதுவே உகந்தது.

எதையும் பதிவேற்றுவதற்கு முன், ஓர் இறுதிச் சோதனை செய்தோம். தில்லானா ஒன்றின் பழைய பதிவை அணியில் நகலெடுத்து, அது திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ட்ரேயை வெளியே இழுத்தோம். அந்த ட்ரேயின் விளக்கு மாறியது. ஆடலில் ஒரு பிரேம்கூடத் தடைப்படவில்லை. ஐந்தாவது தட்டை அந்த இடத்தில் செருகியதும் மீளமைப்பு தொடங்கி, இரவு முழுவதும் ஓடி, மறுநாள் முடிந்தது. இந்தப் பயிற்சியை வெற்று அணியில் செய்து பார்த்தவருக்கு, உண்மையான பழுது வரும் நாளில் கை நடுங்காது.

அந்த நாள் 2022இல் வந்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது அனைவருக்கும் நினைவிருக்கும். எங்கள் யூ.பி.எஸ். மின்னழுத்தத்தைச் சீராக்கும் வகையைச் சேர்ந்தது; கணினியும் பெட்டியும் அதன் மின்கலப் பக்கச் செருகிகளில் இருக்கின்றன. சில யூ.பி.எஸ்.களில் மின்னெழுச்சியை மட்டும் தடுத்து, மின்கல ஆதரவு தராத செருகிகளும் அருகருகே இருப்பதால், பெட்டியை எதில் செருகியிருக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினிக்கு மட்டும் யூ.பி.எஸ். கொடுத்து, பெட்டியைச் சுவரில் செருகியிருப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பாதுகாப்பு வேண்டிய பொருளை வெளியே விட்டுவிட்ட ஏற்பாடு அது. மின்சாரம் நின்று சில நிமிடங்களுக்குள் கணினி தானாகக் கோப்புகளை மூடி நிற்கும்படி யூ.பி.எஸ்.ஸை யூ.எஸ்.பி. வழியாக இணைத்து அமைத்திருக்கிறோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது கலையகத்தில் எவருமே இருக்கவில்லை. கணினி தன் வேலையைத் தானே முடித்து அடங்கியிருந்தது. ஈய அமில மின்கலத்தை மட்டும் நாட்காட்டி பார்த்து மாற்றிவிட வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அதன் ஆயுள் விரைவாகத் தேய்கிறது.

மீண்டும் 2022க்கு வருகிறேன். அந்த நாட்களிலேயே மேலாண்மை மென்பொருள் ஒரு தட்டைக் குறித்து எச்சரித்தது. மாற்றுப் பிரதி முழுமையாக இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, அந்தத் தட்டைக் கழற்றி, அலுமாரியில் இருந்ததைச் செருகினோம். கழற்றிய தட்டை நேரடியாகக் கணினியில் பொருத்தி, தட்டு தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தபோது, 197ஆம் இலக்கத்தில் உள்ள எண், அதாவது வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்கள் என்னும் சிறு பகுதிகளின் எண்ணிக்கை, பார்க்கும்போதெல்லாம் கூடிக்கொண்டே போனது. டொலர் 200 ரூபாயை அண்டிய நிலையிலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியிருந்த நேரம் அது. அதே மாதிரித் தட்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்கினேன். இருப்பில்லை என்பதே எங்கும் பதில். உத்தரவாதத்தின் கீழ் மாற்றுத் தட்டு வந்து சேரப் பல வாரங்கள் சென்றன. கையில் ஒரு தட்டு இல்லாதிருந்தால், அந்த வாரங்கள் முழுவதும் இணையில்லாத ஒற்றைத் தட்டின் மேல் பலருடைய திருமணங்கள் தங்கியிருந்திருக்கும்.

பெட்டியில் எனக்கு உள்ள ஒரே கவலை, அணியின் அமைப்பு பெட்டியின் கண்ட்ரோலரையே சார்ந்திருப்பது. பெட்டி பழுதானால் தட்டுகளைச் சாதாரணக் கணினியில் செருகி வாசிக்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. அதே வகைப் பெட்டி வேண்டும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டில் இந்தச் சிக்கல் இல்லை. தட்டுகளை வேறொரு லினக்ஸ் கணினிக்கு மாற்றி அணியைத் திரும்ப எழுப்பலாம். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் அதையே விரும்பக்கூடும். மேலும், ரெய்ட் எந்த மட்டத்தில் இருந்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு எல்லாத் தட்டுகளிலும் அதே கணத்தில் அழிகிறது. இணைத் தட்டுகள் இரண்டும் முரண்பட்டால் எது சரியென்று சொல்லவும் இந்தப் பெட்டிக்கு வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு நிகழ்வின் கோப்புறையுடனும், கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் ஷா-256 சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைச் சேர்த்து வைக்கிறோம்; எல்லாவற்றினதும் பிரதி தனி வெளித்தட்டுகளில் கொட்டாஞ்சேனையில் உள்ள மாமா வீட்டில் இருக்கிறது. 400 ஜிகாபைட்டை 20 மெகாபிட் வேகத்தில் இணையத்தில் ஏற்ற 44 மணிநேரம் ஆகும் என்பதால், முடிந்த தொகுப்புகளை மட்டுமே மேகச் சேமிப்பில் வைக்கிறோம்.

கடற்காற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். சாளரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தூசியைத் துடைத்துவந்தால் போதும். குளிரூட்டி நிறுத்தப்பட்ட அறையிலும் தட்டுகளின் வெப்பநிலை 45 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது முதல் தொகுதித் தட்டுகளின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. ஒன்றாக வாங்கிய தட்டுகள் ஒன்றாகவே முதுமை அடைவதால், ஒவ்வோர் இணையிலும் ஒன்றை மட்டும், ஒன்றின் மீளமைப்பு முடிந்த பின் அடுத்ததாக, வேறொரு தொகுதியில் தயாரான தட்டுகளைக் கொண்டு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். முதலாவது இணை முடிந்தது. இரண்டாவதற்கான தட்டு வாசிப்புச் சோதனையில் இருக்கிறது.