லாரின் ஹில்லின் இரட்டை இசைத்தட்டு

கோலாலம்பூர்க் கடையொன்றில் நான் வாங்கிய ‘தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்’, 1998இல் வெளிவந்து, ஹிப் ஹாப்பையும் சோல் இசையையும் ஒரே குரலில் இணைத்து, அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகி லாரின் ஹில்லுக்கு ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றுத் தந்த தொகுப்பாகும். ஃபியூஜீஸ் என்னும் ஹிப் ஹாப் குழுவில் புகழ்பெற்று, பின் தனித்துப் பாட வந்த அவர், தொழிலை எண்ணிப்பார் என்று அறிவுரை சொன்னவர்களைப் பொருட்படுத்தாமல் பெற்றெடுத்த மகனுக்காகப் பாடும் பாடலில், கார்லோஸ் சந்தானாவின் கிதார் இழையோட, குரல் உயர்ந்தெழும் இடம் நெஞ்சை உருக்குகிறது.

உறையின் ஓரம் நசுங்கியிருந்தும் கடைக்காரர் மாற்றித் தரவில்லை, அது வருத்தமே. தட்டில் கீறலில்லை, தாழ்ந்த ஒலிகள் தெளிவாகக் கேட்கின்றன. பாடல்களுக்கிடையே, காதலைப் பற்றி ஆசிரியர் பிள்ளைகளிடம் கேட்கும் வகுப்பறை உரையாடல் சிலருக்கு இடையூறாகத் தோன்றலாம்; எனக்கு அதுவே தொகுப்பின் உயிர். வரிசை மாறாமல் கேட்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.